இரண்டு பள்ளிக்கு ஒரு நாற்காலி

கிளெதர்டன், லங்காஷயர்
ஜூன் மாதம், மழை நாள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா நெரிஸ் புரோசர் அவர்களுக்கு,

வில்ஃப்ரெட் ஆர்மரோட் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே வானத்தைத் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். அங்கே வேல்ஸில் உங்கள் புது இடுப்பு மூட்டு உங்கள் பேச்சைக் கேட்கிறது என்று நம்புகிறேன். என் மகளும் உங்கள் மகனும் விவாகரத்து வாங்கிய பிறகு உங்களைச் சம்பந்தி என்று எழுதலாமா கூடாதா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பேத்தி கேட்ரினை யாரும் விவாகரத்து செய்யவில்லையே, எழுதலாம் என்று முடிவுக்கு வந்தேன். தவறென்றால் மன்னிக்கவும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். ரோசலிண்ட் இங்கே சின்னப் பள்ளிக்குத் தலைமையாசிரியை; எமிர் வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய பள்ளிக்குத் தலைமையாசிரியர். நான்கு வயதில் வந்து சேரும் பிள்ளை ஏழு வயது வரை என் மகளிடம் படிக்கும், பிறகு வேலியைச் சுற்றி நடந்துபோய்ப் பதினொரு வயது வரை உங்கள் மகனிடம் படிக்கும். இவர்கள் பிரிந்தபோது ஊர் முழுக்க அந்த வேலியைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டது, நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறதே என்று. இப்போது ஊரில் பிள்ளை பெறுவது குறைந்துவிட்டதாம். ஆகவே இரண்டு பள்ளியையும் சேர்த்து ஒரே தொடக்கப்பள்ளி ஆக்கப்போகிறோம் என்று கவுன்சிலிலிருந்து ஹெப்டன் என்று ஒருவர் கருத்துக் கேட்க வந்தார். என் மனைவி காலமான பிறகு நான் வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கக்கூடாது என்று ரோசலிண்ட் என்னைச் சின்னப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் சேர்த்துவிட்டாள் அல்லவா, அதனால் நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதற்குச் சுவரே மேல்.

ஹெப்டன் சொன்னார், "சின்னப் பள்ளிய ஆகஸ்டோட மூடுறோம்."

"ஐயோ, பிள்ளைங்க எங்க போவாங்க?" என்றேன்.

"எங்கயும் போக மாட்டாங்க. அதே கட்டடம், அதே வகுப்பு, அதே டீச்சர்."

"அப்போ எதை மூடுறீங்க?"

"பள்ளிய."

"பெரிய பள்ளிய?"

"அதை மூடல. அதோட வயசு வரம்பைக் கீழ நீட்டுறோம்."

சம்பந்தி அம்மா, நான் வாழ்நாளெல்லாம் கம்பளக் கடை நடத்தியவன். கம்பளத்தை வெட்டத் தெரியும், ஒட்டத் தெரியும், ஓரத்தை நீட்டிவிட்டுக் காசு வாங்கவும் தெரியும். முழுசாக இருக்கும் ஒரு கம்பளத்தை 'இது இல்லை' என்று சொல்லிவிட்டு அதன்மேலேயே நடப்பது மட்டும் எனக்குத் தெரியாது. எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: மூடுகிற பள்ளிக்குத் தலைமையாசிரியை தேவைப்படாது. அதற்குள் குழுத் தலைவி திருமதி கிளாஃப் எழுந்து, "இணைக்காம இருக்கணும்னு சொல்றதுக்கு எதிரா இருக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். நான் தூக்கினேன். "எதிரா இல்லாதவங்க?" என்றார். அதற்கும் தூக்கினேன்.

"ஆர்மரோட், ரெண்டு தடவையும் தூக்கினீங்களே?"

"ரெண்டு தடவையும் புரியலம்மா, அதான்."

என் கையை எந்தப் பக்கமும் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். இணைப்பு நிறைவேறியது. ஹெப்டன் போகிறபோக்கில், புதுப் பள்ளிக்கு ஒரே ஒரு தலைமையாசிரியர், யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். ரோசலிண்ட் என்னைக் காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடும்போது, "அப்பா, அடுத்த தடவை கையைக் கோட்டுப் பாக்கெட்ல வச்சுக்கோங்க" என்றாள்.

ஒத்திகை பார்க்கலாம் என்று முதல் வேலையாக வேலியைப் பிடுங்கினார்கள். சின்னப் பள்ளியில் இடைவேளைக்கு விசில், பெரிய பள்ளியில் மணி. விசில் அடித்தால் சின்னதுகள் வெளியே ஓடிவரும். மணி அடித்தால் பெரியதுகள் உள்ளே போகும். பெரியதுகள் பின்னாலேயே சின்னதுகளும் போய்விடும். பின்னக் கணக்கு நடந்துகொண்டிருந்த வகுப்பில் ஐந்து வயசு வாண்டு ஒன்று உட்கார்ந்திருந்து, இரண்டு கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்ன பிறகுதான் அதைக் கண்டுபிடித்தார்களாம். பெரிய பையன்கள் நாலைந்து பேர் மணல் தொட்டியில் போய் விழுந்தார்கள், வெளியே வரமாட்டேன் என்று விட்டார்கள். கேட்ரின் மட்டும்தான் எதிலும் குழம்பாமல் என்னிடம் கேட்டாள், "தாத்தா, ஒரே ஸ்கூல் ஆயிட்டா அம்மாவும் அப்பாவும் ஒரே கெட்டில்லதான டீ போடணும்?" நான் இருமினேன். வேறென்ன செய்வது?

பிறகு இரண்டு பள்ளி ஆசிரியர்களுக்கும் சேர்த்து ஒரு கூட்டம். சின்னப் பள்ளிக் கூடத்தில் இருப்பதெல்லாம் நான்கு வயசுக்கான நாற்காலி. உங்கள் மகனின் உயரம் உங்களுக்குத் தெரியும், அகலமும் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறது, தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவன் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் சாப்பிடுகிறான். பேசுவதற்காக எழுந்தான், நாற்காலியும் கூடவே எழுந்தது. கழற்ற முடியவில்லை. அப்படியே நின்றுகொண்டு, "நம்ம ரெண்டு பள்ளியும் இனி பிரிக்க முடியாதபடி..." என்று ஆரம்பித்தான் பாருங்கள், ரோசலிண்ட் சிரித்துவிட்டாள். சாதாரணச் சிரிப்பு இல்லை, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். விவாகரத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

இனிதான் கஷ்டமே. பக்கத்து ஊரிலிருந்து கிரிம்ஷா என்று ஒருவர் அந்த வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு இடம் பார்க்க வந்தார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் மணல் தொட்டி முன்னால் நின்று, "இதால பரீட்சை மார்க் எவ்வளவு ஏறும்?" என்று என்னைக் கேட்டார். கேட்ரினும் இன்னும் இருநூறு பிள்ளைகளும் இந்த மனுஷன் கையிலா என்று அன்று மாலையே எமிர் வீட்டுக்குப் போனேன். நேராகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மகனை விலகிக்கொள்ளச் சொல்லத்தான் போனேன். 'நீயும் ரோசலிண்டும் மோதினால் நடுவில் கிரிம்ஷா புகுந்துவிடுவான், என் பெண்ணுக்கு விட்டுக்கொடு' என்று கேட்பதாக வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவன் உங்கள் கைப்பக்குவத்தில் ஆட்டுக்கறியும் லீக் வெங்காயத்தாளும் போட்ட சூப் வைத்திருந்தான். இரண்டு கிண்ணம் குடித்த பிறகு எப்படி வாயைத் திறப்பது?

அவனே ஆரம்பித்தான். "மாமா, நான் அந்த வேலைக்கு அப்ளிகேஷனே போடல."

"ஏம்ப்பா?"

"ரோஸ்தான் அதுக்குச் சரியான ஆள். அழுதுட்டு வர்ற பிள்ளைய அவ வாசல்லயே சிரிக்க வச்சிடுவா. எனக்கு அது வராது. ஆனா அவகிட்ட சொல்லிடாதீங்க, விட்டுக்கொடுத்தேன்னு தெரிஞ்சா சண்டைக்கு வருவா."

சத்தியம் செய்துகொடுத்தேன். சந்தோஷத்தில் மிதந்துகொண்டே ரோசலிண்ட் வீட்டுக்குப் போனேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பாமலே சொன்னாள், "அப்பா, என் அப்ளிகேஷனைக் காலைல வாபஸ் வாங்கிட்டேன்."

"என்னது?"

"எமிர்தான் கரெக்ட். பெரிய பிள்ளைங்கள, கணக்கு வழக்க, கவுன்சில் ஆளுங்கள எல்லாம் அவனாலதான் சமாளிக்க முடியும். அவனுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா, பரிதாபப்பட்டுக் குடுத்தேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான்."

அங்கேயும் சத்தியம் செய்தேன். இப்போது என் வாயில் இரண்டு சத்தியம் இருக்கிறது, நாற்காலியில் கிரிம்ஷா இருக்கிறார். விண்ணப்பிக்கக் கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை. உங்களிடம் சத்தியம் எதுவும் இல்லை என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் எமிரிடம் பேசி விண்ணப்பம் போட வைக்கவேண்டும். ஆனால் அவன் போட்டால் ரோசலிண்ட் போடமாட்டாள், அவள் என் மகள், அவளுக்கு அந்த வேலை கிடைக்கவேண்டும் என்றுதான் நான் சூப் குடிக்கவே போனேன். நான் அவளிடம் பேசி அவள் போட்டால் உங்கள் மகனுக்கு வேலை போய்விடும், நீங்கள் என்ன நினைப்பீர்கள்? இருவரிடமும் பேசினால் இருவரும் போட்டு, மறுபடி இருவரும் விலகுவார்கள். ஆகவே யாரிடம் யார் பேசுவது என்று நீங்களே யோசித்து எழுதவும். பெண்கள் சொன்னால் சரியாக இருக்கும். என் புத்தி வேலி பிடுங்கின அன்றே போய்விட்டது.

உங்கள் இடுப்பும் முழங்காலும் மற்ற உறுப்புகளும் நெடுங்காலம் ஒற்றுமையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, தேவாலயத்தில் உங்களோடு பாடுகிறவர்களுக்கும் என் அன்பைத் தெரிவித்து முடிக்கிறேன்.

பணிவுடன்,
வில்ஃப்ரெட் ஆர்மரோட்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யவேண்டாம். கடிதத்தை எழுதி வைத்துவிட்டு, தபால்தலை வாங்குவதற்கு முன் பள்ளிக்குக் காசு சேர்க்க நடத்தும் சந்தைக்குப் போயிருந்தேன். கேக் மேஜையில் என்னை நடுவில் நிற்கவைத்து, எமிர் ஒரு பக்கம் டீ ஊற்றினான், ரோசலிண்ட் மறுபக்கம் கேக் வெட்டினாள். "இண்டர்வியூ நல்லா பண்ணு ரோஸ்" என்றான் அவன். "நீயும்தான், அந்தப் பச்சை டை மட்டும் கட்டிட்டுப் போயிடாத" என்றாள் அவள். என்னால் தாங்கமுடியவில்லை. "அட பைத்தியங்களா, ரெண்டு பேருக்கும்தான் இண்டர்வியூவே இல்லையே!" என்று கத்திவிட்டேன். பிறகு நடந்த சண்டையை ஊர் முழுக்க கேக் தட்டோடு நின்று பார்த்தது.

"நீதான்டா பெரிய ஆளு, நீ எதுக்கு விலகுன?"

"உன்ன மாதிரி ஒரு டீச்சர் இந்த ஊர்லயே கிடையாது, உனக்கு என்ன திமிரு வேண்டாம்னு சொல்ல?"

நான் பார்த்த அவர்கள் சண்டைகளிலேயே பார்க்க நன்றாக இருந்தது இதுதான். வெள்ளிக்கிழமை ஒரே விண்ணப்பம், இரண்டு பெயர்: வேலையைப் பாதிப் பாதியாகப் பார்க்கிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நேற்று மாலை தேர்வுக் குழு இருவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. கிரிம்ஷா குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார். இன்று காலை வாழ்த்துச் சொல்லலாம் என்று ரோசலிண்டுக்குப் போன் செய்தேன். காலை உணவு நேரம். எடுத்தவன் உங்கள் மகன். "மாமா, ரோஸ் குளிச்சிட்டிருக்கா" என்றான். எனக்கு எதுவும் புரியவில்லை, நான் எதுவும் கேட்கவும் இல்லை. கேட்பதென்றால் நீங்களே கேட்டு, மறுதபாலில் எனக்கும் ஒரு வரி எழுதவும்.