பூசணிக்காய் அளவு டர்போ

"கெளம்பும்போது கன்னுக்குட்டி, எழுபதத் தொட்டா கெழட்டு எருமை! இன்னா டர்போ மாட்டின நீ?"

சவுரிமுத்துவின் மெக்கானிக் ஷெட்டுக்குள் தசரதன் நுழைந்த வேகம் அவருடைய டீசல் அம்பாசடருக்கு இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை.

பொங்கலன்று நெஞ்சுவலி வந்து பிழைத்ததிலிருந்து, சிட்லபாக்கமே அவரைக் கண்ணாடிக் குடுவை மாதிரி தாங்கியது. மனைவி ஜெயக்கொடியின் தம்பி துளசிங்கம், "மாமா, இனிமே நீங்க பின்னாடி குந்துங்க, நான் ஓட்றேன்" என்று கார் சாவியையே கேட்டுவிட்டான். அவனுடைய மாருதியை ஒருமுறையாவது முந்திக் காட்டாவிட்டால் சாவி கைமாறிவிடும்.

சவுரிமுத்து தலையைச் சொறிந்தார். "புகை போற வேகத்துல ஒரு விசிறி சுத்தி, இன்ஜினுக்குக் காத்து ஊதுதுண்ணா. சின்னது சட்டுனு சுத்தும், இழுவை உடனே வரும். ஆனா வேகம் ஏறுனா மூச்சு வாங்கும். பெரிசு ஓட்டத்துல பலம் குடுக்கும். ஆனா முழிச்சிக்க நேரமாவும்."

"பெரிசையே மாட்டு!"

மாட்டினார். ஏதோ லாரியில் இருந்தது, பூசணிக்காய் அளவு.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டு விருந்து. தாம்பரம் சிக்னலில் பக்கத்திலேயே மாருதி. பச்சை விழுந்தது. மாருதி பறந்தது. அம்பாசடர் கொட்டாவி விட்டது.

தசரதன் ஆக்சிலரேட்டரை மிதித்தார், ஏறியே நின்றார். கிளம்பிய கரும்புகையில் பொழுது சாய்ந்துவிட்டதென்று காக்கைகள் கூட்டுக்குத் திரும்பின. கடைசியில் டர்போ கண் விழித்தது. எங்கே? பெருங்களத்தூரில், மாமியார் வீட்டு வாசலில், நிறுத்த வேண்டிய நேரத்தில்! வண்டி வாசலைத் தாண்டி, வாழைகளைத் தாண்டி, வைக்கோல்போருக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

துளசிங்கம் ஓடிவந்து தள்ளினான். "மாமா, ஸ்டியரிங்க மட்டும் புடிச்சிக்கோங்க, போதும்."

ஜெயக்கொடி கணவர் தலையிலிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மீண்டும் ஷெட். "இதவிடப் பெரிசு இருக்கா?"

"ஏரோப்ளேன்லதான் கீது. சின்னதையே மாட்டிடலாம்ணா."

"நீயும் துளசிங்கம் கட்சியா? நான் கெழவன், மெதுவாப் போனாப் போதும்னு முடிவே கட்டிட்டியா?"

சவுரிமுத்து தன் மனைவி அம்மணியைப் பார்த்தார். டீ கொண்டுவந்த அம்மணிக்கு அதற்குமேல் வாய் நிற்கவில்லை.

"சின்னத மாட்டச் சொன்னது நீங்க ஓட்டறதுக்கோசரம் இல்லண்ணா. தெனம் நீங்க ஏரிக்கரைக்கு நடக்கப் போனதும் ஜெயக்கொடி அக்காதான் இந்த வண்டிய எடுத்து ஓட்டக் கத்துக்கினு கீறாங்க. உங்களுக்கு மறுபடி நெஞ்சு வலிச்சா, மிதிச்ச ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பணுமாம்!"