மாமனார் கண்ணாடியும் மேச்சேரிக் கிடாயும்

மாமனார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை, போட்ட நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். அதைவிடப் பெரிய உதவி அவனால் செய்ய முடியாது. எனக்கு இது புரிவதற்குள் ஒரு கண்ணாடியும் ஒரு மனிதரின் நல்ல பெயரும் போய்விட்டன.

சேலத்தில் பிளாஸ்டிக் குடம், வாளி விற்கும் கடை வைத்திருக்கிறேன். அதனால் பிளாஸ்டிக்கில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று ஒரு நினைப்பு. (குடம் செய்பவன் வேறு, குடம் விற்பவன் வேறு என்று யாரும் அப்போது எடுத்துச் சொல்லவில்லை.) மாமனாருக்கு மேச்சேரிப் பக்கம் தோட்டம். ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவார். சுற்றுவட்டாரத்தில் யார் ஆடு வாங்கப் போனாலும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். பக்கத்தில் இருப்பதைப் பார்க்க மட்டும் அவருக்குக் கண்ணாடி வேண்டும். தடித்த பழுப்பு பிளாஸ்டிக் பிரேம். குனிந்தால் மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும்.

அன்று சந்தை நாள். மாமியாரின் தம்பி தன் மந்தைக்கு ஒரு நல்ல இளங்கிடாய் பிடித்துத் தரச் சொல்லியிருந்தார். கிளம்பும் நேரத்தில் மாமா குனிய, கண்ணாடி டீ டம்ளருக்குள் விழுந்தது.

"குடுங்க மாமா, அஞ்சு நிமிசத்துல டைட் பண்ணித் தர்றேன்."

"வேண்டாங்க மாப்ளை. சேலம் வாரப்பக் கடைல குடுத்துக்கலாங்க."

"பிளாஸ்டிக்தானே மாமா! நம்ம தொழிலு."

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, அப்பா கண்ணாடிய உட்டுருங்க" என்றாள். நான் விடவில்லை.

கடைக்காரர்கள் காதுக்குப் பின்னால் வளைகிற நுனியை மட்டும் இதமாகச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக வளைப்பார்கள். நான் அந்த வீடியோவைப் பாதிதான் பார்த்திருந்தேன். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் கண்ணாடியை முழுசாக முக்கிவிட்டேன். வெளியே எடுத்தபோது வெந்த அவரைக்காய் மாதிரி துவண்டது. வலது காதுப்பிடியை உள்ளே வளைத்தால் இடது வெளியே போனது. இடதைப் பிடித்தால் மூக்கில் உட்காரும் நடுப்பாகம் முறுக்கிக்கொண்டது. ஒரு லென்ஸ் வேறு கழன்று விழுந்தது. அதை எடுத்து எப்படியோ அமுக்கிச் சேர்ப்பதற்குள் பிரேம் அதே கோலத்தில் இறுகிவிட்டது.

மாமா மாட்டிப் பார்த்தார். ஒரு லென்ஸ் புருவத்துக்கு மேலே, இன்னொன்று கன்னத்தில்.

"எப்படிங்க மாமா?"

"இப்ப வழுக்கறதில்லீங்க மாப்ளை" என்றார். (மாப்பிள்ளை மனம் நோகக் கூடாதாம்.)

சந்தைக்கு நானும் கூடப் போனேன். அங்கே மாமா ஒரு செம்பழுப்புக் கிடாயின் வாயைத் திறந்தார். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. நாலைந்து பேர் அவர் வாயிலிருந்து என்ன வருமென்று காத்திருந்தார்கள். கடைசியில் என் காதோரம் மெல்ல, "மாப்ளை, முன்னால பெரிய பல்லு ரெண்டு இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். இருந்தன. "ரெண்டு இருக்குதுங்க மாமா! நல்லாப் பெருசா!"

இளங்கிடாய்க்குப் பெரிய பல் இரண்டு முளைத்து, இருபுறமும் பால்பற்கள் வரிசையாக நிற்குமாம். நான் பார்த்த வாயில் அந்த இரண்டைத் தவிர வேறெதுவுமே இல்லை. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"நடையில ஒரு நெதானம் தெரியுதே" என்று மட்டும் மாமா இழுத்தார்.

"நல்ல குடும்பத்து ஆடா இருக்குமுங்க" என்றேன். அதையே விலை பேசிப் பிடித்துக்கொண்டு வந்தோம்.

சாயங்காலம் மாமியாரின் தம்பி வந்து கிடாயின் வாயைத் திறந்தார். "என்னங்க மாமா, உழுந்தது போக மிச்சம் ரெண்டு பல்லுதான் நிக்குது! கெழட்டுக் கெடாயைப் புடிச்சுட்டு வந்துட்டீங்களே!" வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்குக் கண்ணு போயிருச்சுடா. வயசாச்சல்ல" என்றார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். காலையிலிருந்து ஓயாமல் பேசிய வாய் அப்போது மட்டும் மூடிக்கொண்டது.

எல்லோரும் போன பிறகு, தனியாக மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க மாப்ளை. தெரியலைன்னு நான் அங்கயே சொல்லியிருக்கோணும்" என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த வாரம் சேலத்தில் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். கடையிலேயே காதுக்கு அளவாக வளைத்துக் கொடுத்தார்கள், குனிந்தாலும் அசைவதில்லை. ஆனால் ஆடு பார்க்க இப்போது யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. சந்தை நாளில் வண்டிகள் வாசலைத் தாண்டிப் போகின்றன; மாமா பேப்பர் படிக்கிறார்.

தெரிந்தே இன்னொருத்தன் தலையில் கட்ட மாட்டேன் என்று கிடாயை மாமாவே வைத்துக்கொண்டார். அதற்குப் புல் மெல்ல வராது; கஞ்சிதான். என் மனைவி அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டாள்.

போன வாரம் போயிருந்தபோது, "மாப்ளைக்குக் கஞ்சி ஊத்தியாச்சா?" என்று மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். நானும் கிடாயும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தோம்.

மாமா பேப்பரை இறக்கி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் மகளிடம், "மூத்த மாப்ளைக்கு மொதல்ல ஊத்து சாமி" என்றார்.