டவுன் பஸ்ஸில் போன டைரக்டர்

கோயமுத்தூரில் எத்தனையோ கம்பெனி டைரக்டர்களைப் பார்த்திருக்கிறேன். டவுன் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போன டைரக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். காந்திபுரம் லாட்ஜில் என் அறையில் பாதி வாடகைக்கு இருந்தார்.

பல்லடத்துக்காரர். ஒரு நிதிக் கம்பெனி முதலாளிக்குக் கார் ஓட்டியவர். ஒருநாள் முதலாளி காருக்குள்ளேயே காகிதங்களை நீட்டி, "கையெழுத்துப் போடுடா, இன்னியிலிருந்து நீயும் டைரக்டர்" என்றாராம். இவர் ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தார். ஊர் ஜனம் இவரை நம்பி அங்கே பணம் போட்டது. கம்பெனி கவிழ்ந்தபோது முதலாளிக்கு முன்ஜாமீன், டைரக்டருக்கு ஜெயில். ஜாமீனில் வெளியே வந்தபோது ஊரில் ஒருவரும் பேசவில்லை, மனைவியும்கூட.

ஞாயிற்றுக்கிழமை லாட்ஜே காலியாகிவிடும். இவர் மட்டும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஊர்ப் பக்கம் போகும் பஸ்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

வாய்தா தோறும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கோர்ட்டுக்குப் போவார். முதலாளிக்கோ வாய்தா தோறும் தவறாமல் நெஞ்சு வலி வரும். ஒருமுறை இவர் ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார்.

"எதுக்குடா வந்தே?"

"நலம் விசாரிக்கத்தானுங்க. அப்படியே கோர்ட்டுக்கு வந்து, 'இவன் என்னோட டிரைவர், ஒண்ணும் தெரியாதவன்'னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நான் ஊட்டுக்குப் போகோணுமுங்க."

போகச் சொல்லியும் போகவில்லை. வார்டு வாசலில் உட்கார்ந்து, பார்க்க வந்த பெரிய மனிதர்களிடமெல்லாம், "நானும் டைரக்டர்தானுங்க. எனக்குத்தான் இன்னும் நெஞ்சு வலி வரலீங்க" என்று அறிமுகம் செய்துகொண்டார். மறுநாளே முதலாளிக்குக் குணமாகிவிட்டது.

அடுத்த வாய்தாவில் முதலாளி ஆஜர். கம்பெனியை நடத்தியதெல்லாம் இந்த டைரக்டர்தான், தான் பெயருக்கு இருந்தவன் என்று நீதிபதியிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். சொல்லி முடித்துக் கூண்டை விட்டு இறங்கியவர், பழக்கதோஷத்தில் திரும்பி, "டேய், வண்டியை எடுடா!" என்றார்.

"இதோ வந்துட்டனுங்க!" என்று டைரக்டர் எழுந்து ஓடினார்.

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. "கம்பெனியை நடத்தினவரை இப்படித்தான் கூப்பிடுவீங்களா?" என்று கேட்டார். வழக்கு அங்கேதான் திரும்பியது. கடைசியில் முதலாளி ஜெயிலுக்குப் போனார், இவருக்கு விடுதலை.

அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினார். மறுநாள் சாயங்காலம் அதே பையோடு அறை வாசலில் நின்றார்.

"ஊட்ல நல்லாத்தானுங்க பேசுனாங்க," என்றார். "உள்ள வாங்கன்னுதான் ஒருத்தரும் சொல்லலீங்க."

அவர் கட்டிலில் கிடந்த என் துணிகளை அள்ளினேன். "சாப்டீங்களா?" என்றேன். இல்லையென்று தலையாட்டினார்.

"நானும் இன்னும் சாப்பிடலீங்க, வாங்க" என்று செருப்பை மாட்டினேன்.

சற்று முன்புதான் மெஸ்ஸில் நாலு பரோட்டா தின்றுவிட்டு வந்திருந்தேன்.