கேஸ் அண்ணாச்சியின் வயிறு

மனிதருக்கு வரும் அத்தனை துன்பத்துக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான் என்று நம்பியவர் கேஸ் அண்ணாச்சி. அது வாயு. தலை வலித்தால் வாயு மேலே ஏறிவிட்டது. முழங்கால் வலித்தால் கீழே இறங்கிவிட்டது. எனக்குப் பார்த்த பெண் என்னை வேண்டாம் என்று சொன்னபோதுகூட, "அந்தப் பிள்ளைக்கு அன்னைக்குக் கேஸா இருந்திருக்கும்டே, நீ மனசை விட்டுராத" என்றார்.

தலைநகரின் முனிர்கா பகுதியில், எதிர்வீட்டுக்காரர் கையை நீட்டினால் நம் ஜன்னலில் டீ கிளாஸை வைத்துவிடலாம் என்கிற அளவுக்குக் குறுகலான சந்தில், ஒரு மாடியறையில் அண்ணாச்சியும் நானும் சேவியரும் குடியிருந்தோம். எனக்குப் பத்திரிகை வேலை. சேவியர் ஆராய்ச்சி மாணவன். அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர்; குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் இருந்தார். சட்டைப்பையில் ஓமம், கைப்பையில் ரோஸ் நிற மருந்து பாட்டில். அளவெல்லாம் கிடையாது. மூடியைத் திறந்து அப்படியே வாயில் கவிழ்த்துக்கொள்வார்.

எங்கள் அறையிலிருந்து ஓயாமல் 'கேஸ், கேஸ்' என்று கேட்டதில், வீட்டுக்காரர் அவரைச் சமையல் கேஸ் ஏஜென்சி ஆள் என்றே முடிவுகட்டிவிட்டார். படியில் பார்க்கும்போதெல்லாம், "பையா, சிலிண்டர் கப் ஆயேகா?" என்பார். சிலிண்டர் எப்போது வரும் என்ற அந்தக் கேள்வி அண்ணாச்சிக்குப் புரியாது. ஆனால் கேட்பவரின் முகவாட்டம் புரியும். அவர் உள்ளங்கையில் கொஞ்சம் ஓமத்தைக் கொட்டி, மெல்லும்படி ஜாடை காட்டிவிட்டுப் போவார்.

போன குளிர்காலத்தில் அண்ணாச்சி இளைக்க ஆரம்பித்தார். இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளுவார். மேல்வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டே தூங்குவார். இது போதாதென்று, முதுகுவலிக்காகத் தானே மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை வேறு. டாக்டரிடம் போகலாம் என்றால், "கேஸுக்கு எதுக்குலே டாக்டரு?" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறிப் பையோடு மாடி ஏறியவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சேவியர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான்: "அண்ணாச்சி, வெளிக்கு எப்படிப் போகுது?"

"தார் மாதிரி கருப்பாப் போகுதுடே. கொஞ்ச நாளாவே."

சொல்லிவிட்டு அவன் தோளிலேயே சாய்ந்தார். முட்டைக்கோஸ் ஒன்று படிப்படியாக உருண்டு கீழே போய் வீட்டுக்காரர் கதவில் மோதியது. வெளியே வந்த மனிதர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடி, சந்து முனையில் நின்ற காரை எடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அண்ணாச்சிக்கு நினைவு திரும்பிவிட்டது. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் பஞ்சாபி டாக்டரம்மா. அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்டே. எங்க அப்பாவும் இப்படித்தான் கேஸு கேஸுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. கடைசியில வயித்துல புத்துன்னுட்டாங்க. உள்ள பார்த்தா எனக்கும் அதைத்தான் சொல்லுவாங்க. நானா கேஸுன்னு சொல்லிக்கிட்டிருந்தா, கேஸாவே இருந்துரும்னு நெனச்சேன்."

ஒரு வார்த்தை தமிழ் தெரியாத வீட்டுக்காரர் அவருடைய இன்னொரு கையைப் பிடித்து, "ஹம் யஹீன் ஹைன், பையா" என்றார். நாங்கள் இங்கேயேதான் இருக்கிறோம். அண்ணாச்சி எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

உள்ளே இருந்தது புண். கசிந்த ரத்தத்தைக் குழாய் வழியாகவே நிறுத்திவிட்டார்கள். வயிற்றில் வெகுகாலமாகத் தங்கியிருந்த ஒரு கிருமி புண்ணாக்கியதாம். வலி மாத்திரை அதைக் கிளறிவிட்டதாம். சதைத் துணுக்கு எடுத்து அனுப்பிய பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்று வந்த அன்று, அண்ணாச்சி போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு வெகுநேரம் படுத்திருந்தார். பிறகு உள்ளேயிருந்தே குரல் வந்தது:

"வாடகை குடுக்காம ஒரு கூட்டமே என் வயித்துல குடியிருந்திருக்கு பாரேன்."

காலி செய்ய வைப்பது லேசாக இல்லை. மாத்திரைகளால் வாயெல்லாம் தகரத்தை நக்கியதுபோல் கசப்பு. நடுவில் நிறுத்தினால் கிருமி திரும்பிவிடும் என்று சேவியர் பயமுறுத்தியதால், முகத்தைச் சுளித்துக்கொண்டே எல்லாவற்றையும் முடித்தார். சில வாரங்கள் கழித்துக் கிருமி போய்விட்டதா என்று பார்க்க, ஒரு பையில் மூச்சை ஊதச் சொன்னார்கள். அண்ணாச்சி ஊதிவிட்டு எங்களைப் பெருமையாகப் பார்த்தார்.

"கடைசியில கேஸைத்தாம்லே சோதிக்கிறாங்க."

கிருமி போயிருந்தது. முடிவு வந்த சாயங்காலம் மூவரும் ஆர்.கே.புரத்தில் ஒரு ஓட்டலுக்குப் போனோம். அண்ணாச்சி ஒரு தோசையை முழுதாகச் சாப்பிட்டுவிட்டு, சட்னி ஒட்டிய விரலைத் தூக்கி இன்னொன்று கேட்டார். சேவியர் ஏதோ பேசிக்கொண்டிருந்தான், என் காதில் விழவில்லை. அண்ணாச்சி சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் தோசை ஆறிப்போயிருந்தது.