பாகாலா ஏரியில் கொப்பரை மூழ்கியது பற்றிக் கேப்டன் துரைக்கு

நகரி
(தற்சமயம் ஆந்திரா. எல்லைப் பேச்சு முடியும்போது மாறினாலும் மாறும், பதில் எழுதுமுன் விசாரித்துக்கொள்ளவும்)

மகா கனம் பொருந்திய கப்பல் கேப்டன் துரை அவர்கள் சமுகத்துக்கு, நகரி நெசவுக்காரன் நாகபூஷணம் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் சம்சாரம் சந்திரம்மாவும் இரண்டு தறிகளும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும், தங்கள் கப்பலும், அதில் சமையல் சாமான் கணக்கு எழுதும் என் ஒரே மகன் கோவர்த்தனனும் மூழ்காமல் சௌக்கியமாயிருக்க ஏழுமலையானை வேண்டுகிறேன். தங்களுக்குத் தமிழ் வராவிட்டால் இதை அவனையே படித்துக்காட்டச் சொல்லலாம். அவனைத் திட்டியிருக்கும் இடங்களுக்கு மட்டும் வேறு ஆளை வைத்துக்கொள்ளவும். பையன் தாண்டிப் போய்விடுவான்.

விஷயம் கல்யாணம். சந்திரம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் வேதாச்சலம் பாகாலா ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன், அதாவது ரயிலைத் தண்டவாளம் மாற்றிவிடுகிற உத்தியோகம். அவர் மகள் சுலோசனாவை எங்கள் பையனுக்குக் கேட்டுப் போயிருந்தோம். பெண்ணுக்கு முழுச் சம்மதம். "ரயிலு தெனம் அதே தண்டவாளத்துல வருது, அதே தண்டவாளத்துல போவுது அத்தே. கப்பலுக்குத் தண்டவாளமே இல்லியாமே!" என்று சந்திரம்மாவிடம் கண்ணை விரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். தகப்பனார்தான் தலையைச் சொறிந்தார். "மச்சான், ரயிலு கெட்டுப்போனா எறங்கி நடக்கலாம். கப்பலு கெட்டுப்போனா மாப்பிள்ளை எங்க எறங்குவாரு?" என்றார். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும் வழக்கம் என்னிடம் கிடையாது என்பதால், "நாளைக்கு ஏரிக்கரைக்கு வாங்க, நானே காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன்.

காட்டுவதற்கு என்னிடம் சரக்கு இல்லாமலில்லை. தங்கள் கப்பலின் பாதுகாப்பு விதிகளைக் கோவர்த்தனன் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறான். எந்த வேலையைத் தொடங்குமுன்னும் அதில் என்னென்ன கெட்டுப்போகும் என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டுமாம். உத்தரவைக் கேட்டவன் அதையே உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். ஆபத்தைக் கண்டால் கடைசி ஆள்கூட நிறுத்தச் சொல்லிக் கத்தலாமாம், பெரிய அதிகாரியானாலும் கோபித்துக்கொள்ளக் கூடாதாம். "இந்தக் கடைசி ரூலு நம்ம ஊட்ல இருந்திருந்தா எனக்குத் தொண்டையே மிஞ்சியிருக்காது" என்றாள் சந்திரம்மா. இவ்வளவு விதி இருந்தும் போன மாதம் தங்கள் கப்பலில் ஒருவர் தலையில் தென்னை மட்டை விழுந்ததாகவும், சமையற்காரரின் சைக்கிள் திருட்டுப் போனதாகவும் எழுதியிருந்தான். கரைக்கு அத்தனை நெருக்கமாகக் கப்பலை ஓட்ட வேண்டாம் என்று தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சைக்கிள் விடும் அளவுக்கு அது பெரிய கப்பல் என்று ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தோம்.

பாகாலாவில் கப்பலுக்கு எங்கே போவது? வேதாச்சலத்தின் பக்கத்து வீட்டு கிருஷ்ணப்பாவிடம் வெல்லம் காய்ச்சும் இரும்புக் கொப்பரை ஒன்று இருந்தது. நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு அகலம். அதில் நான் உட்கார்ந்து ஏரியில் மிதப்பது, கரையிலிருந்து ஆட்கள் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது, நான் நிறுத்தச் சொன்னதும் நிறுத்தி இழுத்துக்கொள்வது. இதுதான் ஏற்பாடு. கிருஷ்ணப்பா தெலுங்குக்காரர், தமிழ் அரைகுறை. கொப்பரைமேல் இருந்த பாசத்தால் அவரே ஆட்களோடு வந்து கயிற்றின் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். விதிப்படி நான் முதலில் உட்கார்ந்து யோசித்தேன். கொப்பரை கவிழலாம், அதற்குக் கயிறு. கயிறு அறுந்துபோகலாம், அதற்கு இன்னொரு கயிறு. ஊர்க் கண் படலாம், அதற்கு ஒரு தூபக்கால் நிறைய சாம்பிராணி போட்டுக் கொப்பரைக்குள் என் காலடியில் வைத்தாள் சந்திரம்மா. துரை அவர்களே, நான் கண்டதிலேயே பெரிய ஆபத்து அந்தத் தூபக்கால்தான் என்று அப்போது தெரியவில்லை.

தள்ளிவிட்டார்கள். கொஞ்ச தூரம் ராஜா மாதிரி போனேன். கரையில் சுலோசனா கை தட்டினாள். பிறகு காற்று அடித்தது. கொப்பரை சுற்ற ஆரம்பித்தது. சந்திரம்மா தெரிந்தாள், மலை தெரிந்தது, ஸ்டேஷன் தெரிந்தது, மறுபடி சந்திரம்மா தெரிந்தாள். காலையில் தின்ற பணியாரம் தொண்டைக்கு வந்துவிட்டது. அவர்களோ கயிற்றை விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பொறுக்க முடியாமல், "நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று கத்தினேன்.

இங்கே தாங்கள் கவனிக்க வேண்டும். தெலுங்கில் நிப்பு என்றால் நெருப்பு. காற்றில் என் "பாட்டு" பறந்துபோய் "நிப்பு" மட்டும் கரை சேர்ந்திருக்கிறது. கிருஷ்ணப்பா பார்க்கிறார்: கொப்பரையிலிருந்து புகை. அந்த மனிதருக்குக் கொப்பரை என்றாலே அடியில் நெருப்புதானே. கேட்ட உத்தரவை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று நானே சொல்லிக்கொடுத்திருந்தேன். "நிப்பு! நிப்பு!" என்று ஏரி அதிரத் திருப்பிச் சொன்னார். அதோடு விட்டாரா? "நீள்ளு! நீள்ளு!" என்றும் சேர்த்துக்கொண்டார். நீள்ளு என்றால் தெலுங்கில் தண்ணீர். தெலுங்கு ஆட்கள் கயிற்றைப் போட்டுவிட்டுக் குடம், தவலை, மாட்டுத் தண்ணீர் வாளி, கையில் கிடைத்ததோடு ஏரிக்குள் பாய்ந்தார்கள். விட்ட கயிற்றைப் பிடிக்க ஓடிவந்த வேதாச்சலமும் நம் தமிழ் ஆட்களும் அதை "நில்லு! நில்லு!" என்று கேட்டு, போட்ட அடி போட்டபடி கம்பம்போல் நின்றுவிட்டார்கள். நிற்க வேண்டியவர்கள் ஓட, ஓட வேண்டியவர்கள் நிற்க, மிதக்கிற கொப்பரைக்குள் அந்த ஏரித் தண்ணீரையே மொண்டு மொண்டு ஊற்றி, துரை அவர்களே, என்னை முறைப்படி மூழ்கடித்தார்கள். சாம்பிராணி அணைந்ததும் கிருஷ்ணப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம்தான் "நா கொப்பரா!", அதாவது என் கொப்பரை போச்சே என்று அலறினார்.

நான் தண்ணீரைக் குடித்துக்கொண்டே கோவிந்தனைக் கூப்பிட்டேன். ரயில்வே வழக்கப்படி வேதாச்சலம் சிவப்புத் துண்டை எடுத்து ஆட்டினார். அதனால் எல்லாரும் நின்றார்கள், நான் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வந்தது சுலோசனாதான். "மாமா, எழுந்து நில்லுங்க! இடுப்பு ஆழந்தான்!" என்றாள். அந்த நேரத்தில் அந்த வார்த்தையை நான் எந்த மொழியிலும் நம்பவில்லை. குடுமியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். நின்றேன். இடுப்பு ஆழந்தான். ஜங்ஷனில் ரயில் மாற வந்தவர்களெல்லாம் கரையில் நின்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் பிடித்த குடுமியை விடாமல் சிரித்தாள். இப்படி ஒரு பெண் நம் வீட்டுக்கு வரவேண்டும் என்று மனசார ஆசைப்பட்டது அப்போதுதான்.

வேதாச்சலம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "கொப்பரைக்கே இந்தக் கதின்னா கப்பலுக்கு இன்னா கதி? உங்க புள்ள தண்ணி பக்கமே போவமாட்டான்னு கேப்டன் துரை கைப்பட எழுதிக் குடுத்தா தாம்பூலம் மாத்தலாம். இல்லன்னா ரயில்வேலியே ஒரு பையன் கீறான்." ஆகவே தங்களைக் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். கோவர்த்தனனைத் தண்ணீர் படாத இடமாகப் பார்த்து வைக்கவும். நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டாம், தெரிந்தால் தண்ணீருக்குப் போகத் தோன்றும். தங்கள் கப்பலில் தெலுங்கர், தமிழர், பஞ்சாபியர் எல்லாரும் இருப்பார்கள். நிறுத்து என்பதை எந்த மொழியில் சொல்கிறீர்கள் என்பதையும், அது வேறெந்த மொழியில் தண்ணீர் ஊற்று என்று ஆகிறது என்பதையும் இன்றே விசாரித்துவிடவும். எங்கள் ஜில்லாவை எந்த ராஜ்யத்தில் சேர்ப்பது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எதில் சேர்த்தாலும் சரி, ஏரிக்கு மட்டும் ஒரே மொழி போதும் என்று யாராவது சொன்னால் தேவலை.

தாங்களும் வீட்டிலுள்ள அம்மாவும் குழந்தைகளும் நீடூழி வாழ்ந்து, தங்கள் கப்பல் ஓட்டையில்லாமல், அதைச் சுற்றியுள்ள சமுத்திரம் இடுப்பு ஆழத்துக்கு மேல் போகாமல் இருக்க மலையப்பசாமி அருள் புரிவாராக.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை உரக்கத் திருப்பிச் சொல்லக் காத்திருக்கும்
நாகபூஷணம்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து மறந்துவிடவும். உறையை ஒட்டுமுன் வேதாச்சலம் சுலோசனாவோடு வந்து இறங்கினார். மனசு கேட்காமல் ரயில்வே பாஸ் வாங்கிக்கொண்டு தங்கள் கப்பலைப் பார்த்தே வந்துவிட்டாராம். "மச்சான், கப்பலுக்குக் காம்பவுண்டு சொவுரு கீது! வாசல்ல கேட்டு, உள்ள தென்னந்தோப்பு, மேல ஓட்டுக் கூரை. செருப்புக்கூட நனையாம கப்பலைச் சுத்தி வந்தேன்" என்கிறார். கரையிலுள்ள ஆபீசுக்கும் கடற்படையில் கப்பல் என்றே பெயராமே? மட்டையும் சைக்கிளும் எங்கிருந்து வந்தன என்று இப்போது புரிகிறது. அவருக்கு ஏக சந்தோஷம், நாளையே தாம்பூலம் என்கிறார். சுலோசனாதான் மாட்டேன் என்றுவிட்டாள். "கட்டடத்துல குந்திக்கினு இருக்கிறவரைக் கட்டிக்க அவ்ளோ தூரம் எதுக்குப் போவணும், இங்க ஸ்டேஷன் இல்லியா? நெசமாவே மெதக்கிறவரா இருந்தா சொல்லுங்க மாமா" என்கிறாள். ஆகையால் துரை அவர்கள் என் மகனை உடனே மிதக்கிற கப்பல் எதிலாவது ஏற்றிவிட வேண்டும். ஆழம் எவ்வளவானாலும் பாதகமில்லை, ஆபத்தும் கொஞ்சம் இருக்கட்டும். தாங்களும் அந்தக் கட்டடத்துக்குத்தான் கேப்டன் என்று வேதாச்சலம் சொல்கிறார். அது உண்மையானால் மேலிடத்துக்கு எழுதும்போது இரண்டு பேருக்குமாகச் சேர்த்தே கேட்டுவிடவும்.