லேப்டாப்புக்கு வந்த காய்ச்சல்

பொய் சொல்வதென்று இறங்கிவிட்டால் சிவக்குமார் சின்னதாகச் சொல்லமாட்டான்.

"முனீசு, இனிமே பாதி வேலைய வீட்டுல இருந்துதான் பாக்கணுமாம். பைலெல்லாம் ரொம்பக் கனம். சாதா லேப்டாப்பு தாங்காதாம்."

அவன் வேலை பார்ப்பது பம்ப்செட் கம்பெனியில். விஷயம் வேறு. துப்பாக்கியும் கையுமாக நூறு பேர் ஓடுகிற அந்த கேமில், ஒருநாளாவது கடைசி ஆளாக நின்று ஜெயிக்கவேண்டும். நாற்பது வயதில் மனுசனுக்கு வேறென்ன லட்சியம் இருக்க முடியும்?

பெண்டாட்டி முனீஸ்வரி மறுபேச்சே பேசவில்லை. அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

காளவாசல் கடையில் சேக் மைதீன் மூன்று லேப்டாப்பைத் திறந்து வைத்தார். ஒன்றின் கீபோர்டில் ஏழு கலரில் லைட் எரிந்தது. சிவக்குமார் வாயைப் பிளந்தான். முனீஸ்வரியோ ஒவ்வொன்றையும் கத்தரிக்காய் மாதிரிப் புரட்டிப் பார்த்தாள்.

"லைட்ட விடுங்கண்ணே. சூட்ட வெளிய தள்ள எத்தன பேன் இருக்கு?"

"இதுல ரெண்டும்மா."

"கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்குல்ல?"

சிவக்குமாருக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் தூக்கத்தில் உளறியதைக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறாள், பாவம்.

"தம்பி, சூடா இருக்கும்போது ஆன் பண்ணாதீக. ஆறவிட்டு வேல பாருங்க," என்றார் சேக் மைதீன். 'வேல' என்றபோது கண்ணடித்தார்.

கத்திரி வெயில் நேரம். மறுநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து ஆனையூர் வீட்டுக்குப் பறந்து வந்து லேப்டாப்பைத் தொட்டால், தோசைக்கல்!

"நான் இன்னும் ஆன்கூடப் பண்ணலையே முனீசு!"

"மதுர வெயிலுங்க. சும்மா கெடக்குற சிலிண்டரே சுடுது. அண்ணே சொன்னாகல்ல, ஆறட்டும்."

அது ஆறுவதற்குள் கடைக்குப் போ, துணியை மடி என்று வேலை வந்துவிடும். அப்புறம் கொட்டாவி வந்துவிடும். இரண்டு வாரத்தில் அவன் விளையாடியது மொத்தம் ஒரு மணி நேரம். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனாலும் விடவில்லை. அடியில் காற்றுப் போகட்டும் என்று, பானை வைக்கிற பிரிமணைமேல் லேப்டாப்பை உட்காரவைத்தான். டேபிள் பேனை அதன் பக்கம் திருப்பினான். ஜன்னலில் ஈரச் சாக்கைக் கட்டினான். மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு உபசாரம் நடந்திருக்காது. சாயங்காலம் தொட்டால் அதே தோசைக்கல்.

"ஒரு வழி இருக்கு. நீங்கதான் ஒத்துக்கிட மாட்டீக," என்றாள் முனீஸ்வரி.

"சொல்லு."

"ஏசி."

மூன்று வருசமாக அவள் ஏசி கேட்டபோதெல்லாம், உடம்புக்கு ஆகாது என்று பிரசங்கம் பண்ணியவன் அவன்.

"உடம்புக்குத்தான ஆகாது? லேப்டாப்புக்கு ஆகும்ல?"

அந்த வாரமே ஏசி மாட்டியாயிற்று. பகலெல்லாம் பதினெட்டில் ஓடட்டும் என்று அவனே சொல்லிவிட்டு ஆபீஸ் போனான்.

அன்றைக்கும் சுட்டது!

பதினெட்டு டிகிரியில் ஒரு ஜடப்பொருளுக்கு எப்படிக் காய்ச்சல் வரும்? பேய்தான் என்று முடிவுகட்டினான் சிவக்குமார். மறுநாள் மத்தியானமே லீவு சொல்லிவிட்டு, மந்திரித்த எலுமிச்சம்பழத்தோடு வீட்டுக்கு வந்தான்.

ஏசி ரூமுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

"திவ்யா, மாடிக்கு ஏறாத! நான் கெணத்தடியில நிக்கிறேன். இன்னும் ஒருத்தன்தான்... போட்டேன்டி!"

கதவைத் திறந்தான். இடுப்புவரை போர்வை, காதில் ஹெட்போன், மடியில் லேப்டாப். முனீஸ்வரி கடைசி ஆளாக நின்றிருந்தாள். எதிர்வீட்டுத் திவ்யா அவளுக்குக் கூட்டாளி. நாற்பத்தொன்றாவது வெற்றி என்று ஸ்கிரீனில் மின்னியது.

"எம்புட்டு நாளா நடக்குது இது?"

"வாங்குன மறுநாள்ல இருந்து. ஒங்க வண்டிச் சத்தம் கேட்டாத்தான் மூடுவேன்."

"அதான் சுட்டுச்சா?"

"பின்ன, பேயா வந்து சுட வச்சுச்சு?"

அவன் எலுமிச்சம்பழத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"இது என் லேப்டாப்பு முனீசு!"

"ஆபீஸ் வேல எதுவும் இருந்தாச் சொல்லுங்க, இப்பவே எந்திரிக்கிறேன். இருக்கா?"

அவன் எலுமிச்சம்பழத்தைப் பேன்ட் பைக்குள் திணித்தான்.

"வெக்க உள்ள வருது பாருங்க. கதவச் சாத்துங்க."

சிவக்குமார் சாத்தினான். வெளியே நின்றபடி.