இரண்டரைக் கட்டைக் குழல்

"அரைக் கட்டை ஏறியிருக்கு," என்றார் கோல்மன்.

"உங்க பைப்புதான் இறங்கியிருக்கு," என்றாள் ஐலீன், ஆர்கனிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

செவ்வாய்க்கிழமை காலை, மாதா கோயிலில் ஒத்திகை. வியாழக்கிழமை டைக் லெர்னிஹானை அடக்கம் செய்ய வேண்டும். நற்கருணை நேரத்தில் கோல்மனின் பைப்பும் ஐலீனின் ஆர்கனும் சேர்ந்துதான் ஒலிக்க வேண்டும் என்று டைக் சாவதற்கு முன்பே காகிதத்தில் எழுதி வைத்துவிட்டார். கையெழுத்தும் போட்டிருந்தார். கோல்மனிடம் அவருடைய சிநேகிதன் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான்.

எங்கள் பக்கத்துப் பைப் வாயால் ஊதுகிற ரகமில்லை. ஒரு முழங்கைக்கடியில் துருத்தி, மறு முழங்கைக்கடியில் காற்றுப்பை, விரல்களுக்குக் குழல், கூடவே ஒரே சுரத்தில் இழைய மூன்று ஒத்து. கோல்மன் அதை வாசிப்பவர் மட்டுமல்ல, செய்பவரும்கூட. அவருடைய குழல் ஊரில் எல்லாரிடமும் இருப்பது போல இரண்டு கட்டைச் சுருதி. ஆர்கனோ இரண்டரையில் நின்றது.

"நீ கொஞ்சம் இறக்கி வாசியேன், ஐலீன்."

"விரல் பழகின இடத்துலதான் எனக்கு வரும். இது கரண்டுல ஓடுறது கோல்மன், மழைக்கு ஊதிப்போற மரமில்ல. தப்பு இது மேல இருக்காது."

"நேத்துலேர்ந்து எனக்கும் மேல போனா தொண்டை கிழியுது," என்றாள் பாடகர் குழுவில் ஒருத்தி. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோயில் பணியாளர் மாஸி மெழுகுவத்தித் தண்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆர்கன் ஏன் சரியாக இரண்டரையில் போய் நிற்க வேண்டும்? கோல்மனுக்குச் சுருக்கென்று தைத்தது அதுதான். பதினாலு வருஷத்துக்கு முன் டைக் அவரிடம் கேட்டது இரண்டரைக் கட்டைக் குழல். டைக்கின் மனைவி நூலாவுக்கு அப்பா விட்டுப்போன கான்சர்டினா என்ற கைத்துருத்திப் பெட்டி இரண்டரை. புருஷனுடைய பைப் இரண்டு. ஒரே வீட்டில், ஒரே கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து, ஒருவர் வாசித்தால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டியதுதான்.

"வர்ற வசந்தத்துல முடிச்சிடறேன்டா," என்று கோல்மன் சொல்லியிருந்தார். பைப் செய்கிறவர்களிடம் எப்போதும் ஒரு வரிசை இருக்கும். அதில் நின்று தலை நரைத்தவர்கள் உண்டு. அதைக் குறையென்று இங்கே யாரும் சொல்வதில்லை. ஆனால் பதினாலு வசந்தம் கொஞ்சம் அதிகம்தான்.

பட்டறைக்கு வந்ததும் கோல்மன் தன் குழலின் தலையில் செருகியிருந்த நாணல் சீவாளியை இன்னும் உள்ளே அழுத்தினார். அடி சுரம் ஏறியது. மேல் சுரம் கத்திய கத்தலில் நாய் எழுந்து வெளியே போயிற்று.

சீவாளியைக் கொஞ்சம் வெட்டிப் பார்த்தார். கால் கட்டை ஏறியது. இன்னும் ஒரு மயிரிழை வெட்டலாமே என்று கத்தியை வைத்தார். விரிசல் விட்டது. பதினோரு வருஷம் ஒத்துழைத்த சீவாளி! இப்போது இரண்டு கட்டையும் இல்லை, இரண்டரையும் இல்லை.

"ஏதோ அரைக் கட்டை வித்தியாசம்தான் இருந்துச்சு," என்றாள் அவர் மனைவி டீலியா, தேநீரை வைத்தபடி. "இப்ப முழுசும் போச்சு."

எனிஸ் ஊரில் ஒரு பைப்பர் இருந்தார். கோல்மன் அவருக்குப் போன் போட்டார்.

"இரண்டரைக் கட்டைக் குழல் ஒண்ணு இரண்டு நாளைக்கு வேணும். உங்ககிட்ட இருக்குமே?"

"இருந்திருக்கும்," என்றார் அவர். "உங்ககிட்ட சொல்லி வச்சு ஆறு வருஷமாச்சு. நான் வரிசையில ஒன்பதாவது ஆளு. டைக் போயிட்டாரே, இப்ப எட்டாவதா?"

கோல்மன் மெதுவாகப் போனை வைத்தார்.

ஜன்னலுக்கு மேல் பலகையில் ஒரு மரக்குழல் தூசி படிந்து கிடந்தது. கடைந்து, நடுவில் நீளத் துளை மட்டும் போட்டு, அதோடு விட்டுவிட்டது. பக்கவாட்டில் பென்சிலால் 'டைக்' என்று அவரே எழுதியிருந்தார். எடுத்துத் துடைத்தார்.

இரண்டு நாள் அவர் பட்டறையை விட்டு வரவில்லை. விரல் துளைகள் போட்டார். ஒரு துளை பெரிதாகிவிட்டது, மெழுகு வைத்துச் சிறிதாக்கினார். நாலு சீவாளி செய்ததில் மூன்று வாத்து மாதிரி கத்தின. நாலாவது பேசியது. ஒத்துகளைத் தள்ளி அந்தச் சுருதிக்கு ஏற்றினார்.

புதன் மாலை டீலியா வாசலில் நின்று கேட்டாள்.

"அப்ப இரண்டு நாள் வேலைதானா இது?"

"மரம் நல்லா காய்ஞ்சிருந்துச்சு டீலியா."

"காயும். அவரு போற வரைக்கும் காய்ஞ்சுதே."

கோல்மன் கத்தியைக் கீழே வைத்தார். பட்டறைத் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

வியாழக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. நற்கருணைக்கு ஜனம் வரிசையாக எழுந்தபோது ஐலீன் ஆரம்பித்தாள், கோல்மன் சேர்ந்துகொண்டார். சுருதி மயிரிழை பிசகவில்லை. அந்தக் கூரிய குரல் சவப்பெட்டிக்குள் இருக்கிறவரைக் கூப்பிடுவது போலிருந்தது. இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். முன் வரிசையில் நூலா சட்டென்று தலையை நிமிர்த்தினாள்.

கல்லறையில் மண் போட்ட பிறகு அவள் கோட்டுக்குள்ளிருந்து கான்சர்டினாவை எடுத்தாள்.

"அதே சுருதிதானே அது?"

"அதேதான்," என்றார் கோல்மன்.

சவக்குழி ஓரம் நாற்காலி போட்டார்கள். கடல் காற்று இரைந்த இரைச்சலிலும் இரண்டும் கேட்டன. டைக்கும் நூலாவும் ஒருநாளும் வாசிக்க முடியாத அந்த ஜோடி வாசிப்பை ஊரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டது. முடிந்ததும் கோல்மன் குழலைக் கழற்றி நூலாவின் கையில் கொடுத்தார்.

"இது அவனோடது. பிந்திப்போச்சு நூலா. மன்னிச்சுக்கோ."

அவள் பென்சில் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

துருத்தியின் பெட்டியை எடுக்க கோல்மன் கோயிலுக்குத் திரும்பினார். உள்ளே மாஸி மட்டும் இருந்தார். ஆர்கனின் பின்பக்கம் கையை விட்டு எதையோ திருகிவிட்டு, விரலால் ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்திப் பார்த்தார்.

கோல்மன் நின்றுவிட்டார். கேட்டது சுத்தமான இரண்டு கட்டைச் சுருதி.

"என்னய்யா பண்றே?"

"இறக்கி வைக்கிறேன்," என்றார் மாஸி. "பின்னாடி ஒரு திருகு இருக்கு. ஐலீனுக்கே தெரியாது."

"அப்ப ஏத்தினது யாரு?"

"நான்தான். திங்கக்கிழமை."

"ஏன்யா?"

மாஸி தூசித் துணியை நிதானமாக மடித்தார். "டைக்தான் சொல்லிட்டுப் போனாரு. 'நான் கண்ண மூடின மறுநாளே அரைக் கட்டை ஏத்திடு மாஸி, கோல்மன்கிட்ட வேலை வாங்க எனக்கு வேற வழி தெரியல'ன்னாரு."